இரைப்பை ஏற்றமும் அதற்குரிய ரண சிகிச்சையும்

(திருவரங்கத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவில் நம் செயலாளர் எம்மை நோக்கி, "அடுத்த திங்களில் உடல்நலம் பற்றி ஏதேனும் பேசுதல் வேண்டும்" எனப் பணித்தனர். சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கும் தொழிலினேமாகிய யாம், மருத்துவர் சிலரும் வீற்றிருக்கும் இவ்வவையில் மருத்துவம் பேசப் புகுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் மருத்துவர் அறிந்தது மருத்துவரிடத்தே நின்றுவிடின் பயன் என்னை? அவர்கள் கூறுவதை நம்மனோர் விளங்கிக்கொள்ளும் மொழியிற் கூறுதற்கு ஒருவர் வேண்டும். அவ்வளவே எம் பணி. யாம் பிழைபடக் கூறுவன உளவாயின் இங்குள்ள மருத்துவ அன்பர்கள் உடனே திருத்துவாராக.

யாம் எடுத்துக்கொண்ட பொருள் இரைப்பை ஏற்றம் என்பது. இப்பொருளைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நெஞ்சு கரிக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது, உண்டது எதுக்களிக்கிறது என்று கூறாத வீடு நம் சமூகத்தில் அரிது. கூறிய அளவில் ஒருவர் சுக்கு என்பர். ஒருவர் சோடா என்பர். ஒருவர் மருந்துக் கடையில் ஒரு மாத்திரையின் பெயரைக் கூறி வாங்கிவரச் செய்வர். இங்ஙனம் ஆண்டுகள் பல கழியும். பெரும்பாலோர்க்கு இதனாற் பெருந்தீங்கு நேர்வதில்லை. சிலர்க்கோ நேர்கின்றது. அச்சிலர் யாவர், அவர்க்குச் செய்யத் தக்கது யாது என்பதே இன்றைய ஆராய்ச்சி.

பெயரும் பொருளும்

ஹெர்னியா என்னும் இலத்தீன் சொல்லை நம் நாட்டார் குடலிறக்கம் என வழங்குவர். கவட்டிலோ கொப்பூழிலோ வயிற்றுச் சுவர் நலிந்துழி, அவ்வழியே குடலின் ஒரு பகுதி புறம்போந்து புடைத்து நிற்றலே யாவரும் அறிந்த குடலிறக்கம். வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை விருத்தி நோய்கள் ஏழு எனப் பகுத்து, குடல் பற்றியதனை அந்திர விருத்தி என்று பெயரிட்டுரைக்கின்றது. ஆதலின் இந்நோயினம் நம் முன்னோர்க்குப் புதியதன்று.

யாம் இன்று பேச வந்தது அதனினும் வேறாயது. இதனை மருத்துவர் ஹயாட்டஸ் ஹெர்னியா என்பர். ஹயாட்டஸ் என்றால் இடைவெளி, திறந்த வாய் என்று பொருள். இதன்கண் குடல் கீழே இறங்குவதில்லை. இரைப்பையே மேல்நோக்கி ஏறுகின்றது. ஏறுவதை இறக்கம் என்று கூறுதல் சொல்லுக்கும் பொருளுக்கும் பகையாகும். ஆகவே இதனை இரைப்பை ஏற்றம் என யாம் இவ்வுரையில் வழங்குவேம். பெயர் தெளிவாயின் நோயும் பாதி தெளிவாம்.

மதிலும் வாயிலும்

நம் உடலில் மார்பறை மேலது; வயிற்றறை கீழது. மேலறையில் இருதயமும் நுரையீரலும் உள்ளன. கீழறையில் இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், குடல் முதலியன உள்ளன. இரண்டறைக்கும் நடுவே குடை கவிழ்த்தாற் போலத் தசையாலாய ஒரு தடுப்பு உண்டு. அதற்கு உதரவிதானம் என்று பெயர். நாம் மூச்சை உள்ளிழுக்குந்தோறும் அது தாழ்கின்றது, விடுந்தோறும் உயர்கின்றது.

மதில்கள் ஏழு சூழ்ந்த ஊரில் வாழும் நமக்கு மதிலையும் வாயிலையும் பற்றி மிகுத்துக் கூற வேண்டா. மதில் இருப்பின் வாயில் இருந்தே தீர வேண்டும். உதரவிதானம் என்னும் மதிலிலும் பெரிய வாயில்கள் மூன்று உள்ளன. கீழுடலின் குருதியை இருதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரைக்கு ஒன்று, உணவுக்குழலுக்கு ஒன்று, இருதயத்தினின்று குருதியைக் கீழே கொணரும் பெருநாடிக்கு ஒன்று. மார்பின் பின்புறத்து முதுகெலும்புக் கணுக்களுள் முறையே 8, 10, 12 ஆம் கணுக்களின் நேரே இவை அமைந்துள்ளன.

இவற்றுள் நடுவாயிலே நம் ஆராய்ச்சிக்கு உரியது. உணவுக்குழல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது மார்பறையைக் கடந்து, இவ்வாயில் வழியே வயிற்றறையுள் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் அளவு இறங்கி இரைப்பையோடு சேர்கின்றது. சேருமிடத்தில் குழலின் தசை இறுகி ஒரு கதவு போல் நிற்கின்றது. உதரவிதானத்தின் தசைத்தூண்கள் இரண்டும் அதனைப் புறத்தே வளைத்துப் பற்றி மற்றொரு காவலாகின்றன. உணவு வருங்கால் கதவு திறக்கும், வந்தபின் மூடும். இரைப்பையில் ஊறும் அமிலம் உணவைச் செரிப்பிக்க வல்லது. அதனைத் தாங்கும் உறை இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழலுக்கு இல்லை. ஆதலால் அக்கதவு மூடியிருத்தல் இன்றியமையாதது.

இன்னும் ஒன்று அறிதல் வேண்டும். வயிற்றறையினுள்ளே உள்ள அழுத்தம் மார்பறையினுள்ளே உள்ளதனினும் மிக்கது. முக்கும்போதும் இருமும்போதும் குனிந்து சுமை தூக்கும்போதும் அது பன்மடங்கு மிகும். மிக்க அழுத்தமுள்ள இடத்தினின்று குறைந்த இடத்துக்கு எப்பொருளும் புக முயலும். 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 ஆம் நாள் முக்கொம்பில் நேர்ந்ததை யாவரும் அறிவீர்கள். 1836 இல் சர் ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணையின் 45 மதகுகளுள் 9 மதகுகள் கொள்ளிடப் பக்கத்தில் இடிந்து வீழ்ந்தன. நெடுங்காலம் நீரைத் தாங்கிய கட்டடம் ஒருநாளில் தளர்ந்ததன்று. சிறுகச் சிறுகத் தளர்ந்து ஒருநாள் வெளிப்பட்டது. உடலின் வாயிலும் அங்ஙனமே. முதுமையினாலும், பருமனாலும், நாட்பட்ட இருமலாலும், மலச்சிக்கலாலும், பலமுறை கருவுற்றமையாலும், சிலர்க்குப் பிறவியமைப்பினாலும் அது மெல்ல அகலுகின்றது. அகன்றவழி இரைப்பையின் மேற்பகுதி மார்பறையுள் ஏறுகின்றது.

வகையும் குறியும்

இரைப்பை ஏற்றம் நான்கு வகைப்படும். குழலும் இரைப்பையும் சேரும் மூட்டே மேலேறி, மீண்டும் இறங்கி, வழுக்கி நிற்பது முதல்வகை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்கு உள்ளது இதுவே. மூட்டு தன் இடத்தில் நிற்க, இரைப்பையின் ஒரு பகுதி குழலின் அருகே உருண்டு மேலேறுவது இரண்டாம் வகை. இவ்விரண்டும் கலந்து நிற்பது மூன்றாவது. இரைப்பையோடு குடலோ மண்ணீரலோ பிறவோ உடனேறுவது நான்காவது.

முதல்வகையினருட் பலர்க்கு யாதொரு குறியும் தோன்றாது. தோன்றுவோர்க்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, புளித்த ஏப்பம், இரவில் வறட்டு இருமல், தொண்டைக் கம்மல் என்பன உண்டாகும். எதுக்களித்தல் என்னும் நல்ல தமிழ்ச் சொல் நம் வீட்டுப் பெண்டிர் நாவில் வாழ்வது. மருத்துவர் நீண்ட பெயரால் கூறும் நோய்க்குறி முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கும். பிற வகையினர்க்கோ எரிச்சல் குறைவாகவும், உண்ட பின் மார்படைப்பு, சிறிது உண்டவுடன் நிறைவு, விழுங்குதற்குத் தடை, மூச்சிரைப்பு, இரத்தச் சோகை என்பன மிகுதியாகவும் காணப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மார்பில் நோவு தோன்றிய போது, "இது வாயு" என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு இருந்துவிடுதல் உயிர்க்கு ஏதமாம். இருதய நோயும் இதே உடையில் வரும். வியர்வை, இடக்கை நோவு, மூச்சுத் திணறல் உடன்வரின் நொடியும் தாழாது மருத்துவமனை சேர்தல் வேண்டும். இருதயம் பழுதற்றது என்று மருத்துவர் ஆய்ந்து கூறிய பின்னரே இரைப்பையைப் பற்றி எண்ணத் தகும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மேல்வயிற்றில் கடுநோவு, வாந்தி வருவது போல் ஓங்கரித்தும் ஒன்றும் வாராமை ஆகிய இரண்டும் ஒருங்கே தோன்றின், மேலேறிய இரைப்பை முறுக்கிக்கொண்டிருத்தல் கூடும். பொழுது விடியட்டும் என்று காத்திருத்தற்கு இடமில்லை.

ஒரு மூதாட்டியார்

நம் சமூகத்தைச் சார்ந்த ஒரு மூதாட்டியார் திருவரங்கத்தில் வாழ்கின்றனர். பெயர் கூறேம். எழுபதாண்டு கடந்தவர். ஆண்டுதோறும் உச்சிப் பிள்ளையாரைத் தொழ மலைக்கோட்டைப் படியேறும் வழக்கமுடையவர், ஓராண்டு தாயுமானவர் சந்நிதிக்கு மேல் ஏற இயலாது அமர்ந்துவிட்டனர். முகம் வெளுத்தது. முதுமை என்றனர் மக்கள். இரும்புச் சத்து மாத்திரை அளிக்கப்பட்டது. உண்ணுங்கால் சிறிது தேறுவர். நிறுத்தினால் மீண்டும் வெளுப்பர். இவ்வண்ணம் நான்காண்டுகள் சென்றன. இரத்தம் ஏன் குறைகின்றது என்று ஒருவரும் வினவவில்லை.

முடிவில் வேறொரு மருத்துவர் குழாய்க்கருவியை வாய்வழிச் செலுத்தி உள்ளே நோக்கினார். இரைப்பையின் பாதி மார்பறையுள் ஏறியிருந்தது. வாயிலின் விளிம்பில் இரைப்பை மடிந்து உராயும் இடத்தில் நீண்ட மெல்லிய புண்கள் காணப்பட்டன; அவற்றினின்று நாடோறும் சிறிது சிறிதாகக் குருதி கசிந்துகொண்டிருந்தது. 1986 இல் இதனை விளக்கி எழுதிய மருத்துவரின் பெயரால் இவற்றைக் காமரூன் புண் என வழங்குவர். மூச்சிரைப்புக்கும் வெளுப்புக்கும் காரணம் அன்றுதான் விளங்கிற்று.

ரண சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் கூறியவுடன் வீடு இரண்டுபட்டது. மூத்த மகனார் வேண்டாம் என்றனர். இளையவர் வேண்டும் என்றனர். மருமக்கள், சம்பந்திகள், அண்டை வீட்டார் எல்லாரும் கருத்துரைத்தனர். பூக்கட்டிப் பார்க்கவும் ஆயிற்று. யாமும் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேம். இத்தனை பேர் பேசிய அக்கூடத்தில் அவ்வம்மையாரைக் கேட்டவர் ஒருவரும் இலர். கடைசியாக அவர் பேத்தி, "பாட்டி, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டனள். "எனக்கு நன்றாக மூச்சு விட வேண்டும், ஒரு பிடி சோறு பயமில்லாமல் உண்ண வேண்டும்" என்று அவர் விடையிறுத்தனர். அதன்மேற் பேச்சில்லை. ரண சிகிச்சை நடந்தது. இன்று அவர் சிறிது சிறிதாக உண்கின்றனர். காலையில் அம்மா மண்டபம் வரை நடந்து செல்கின்றனர்.

இதனாற் பெறப்படுவது, எல்லா முதியோரும் அறுவைக்கு உடம்பட வேண்டும் என்பதன்று. நோயுற்றவர் மொழியை முதலிற் கேட்க வேண்டும் என்பதே. வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது நோயாளியையே முதற்கண் வைத்தனர். மருத்துவனும் மருந்தும் துணை நிற்பாரும் அவர்க்குப் பின்னரே வருகின்றனர். அம்முறை வைப்பினை நாம் மறத்தல் ஆகாது.

கத்தியும் கடவுளும்

நம்மவர் சிலர், அறுத்துச் செய்யும் சிகிச்சை நம் மரபன்று என்றும், தெய்வ நம்பிக்கைக்கு மாறு என்றும் கூறக் கேட்டிருக்கின்றேம். இஃது ஆராயாது கூறுவது. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருமுக்கூடல் கோயிலிற் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1069 ஆம் ஆண்டினது. அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளையுடைய ஆதுலசாலை ஒன்று நடைபெற்றது. அதன்கண் மருத்துவன் ஒருவனும், சல்லியக் கிரியை பண்ணுவான் ஒருவனும், மருந்து கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் இருந்தனர். அவர்க்குரிய ஊதியமும் வரையறுக்கப்பட்டது. சல்லியக் கிரியை என்பது ரண சிகிச்சையே. திருமாலின் திருமுற்றத்தில் கத்தி ஏந்தும் மருத்துவனுக்கு நெல்லளந்த நாடு இது.

இவ்வூர்த் திருக்கோயிலையே நோக்குமின். தன்வந்திரிப் பெருமாள் சந்நிதியை வணங்காதார் நம்முள் இலர். போசள மன்னன் இராமநாதன் காலத்தில் இக்கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அது பின்னாளிற் சிதைய, கருடவாகன பட்டர் என்பவர் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளுவித்தனர் என்று 1493 ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. சந்நிதியும் மருத்துவசாலையும் ஒரே மதிலுள் நின்றன என்பதே இதனால் அறியக் கிடப்பது. ஆதலின் பெருமாளை வணங்கி மருத்துவமனை செல்பவர் மரபினின்று வழுவினவர் ஆகார்.

அறுவைக்கு அஞ்சிய நம் பாட்டன்மாரை யாம் பழியேம். மயக்க மருந்தின் பயன் உலகறிய நிறுவப்பட்டது 1846 இலேயே. புண் சீழ்பிடியாமற் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867 இலேயே. அதற்கு முன் அஞ்சியது அறிவுடைமை. இன்று அதே அச்சத்தை ஆராயாமற் பேணுதல் அறிவுடைமை ஆகாது.

இச்சிகிச்சை வந்த வரலாறு

உதரவிதானத்துப் பழுதுகளை ஐரோப்பிய மருத்துவர் நெடுநாளாக அறிந்திருந்தும், பெரும்பாலும் இறந்தார் உடலை அறுத்துப் பார்த்தே அறிந்தனர். 1853 இல் அமெரிக்க நாட்டுப் பௌடிச் என்பவர் அதுகாறும் வெளிவந்த செய்திகளைத் தொகுத்தெழுதினர். 1895 இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்ட பின்னரே உயிருள்ளாரிடத்து இதனைக் காண வழி பிறந்தது. 1926 இல் சுவீடன் நாட்டு ஆக்கர்லண்ட் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு இதனை வகைப்படுத்தினர். 1951 இல் இங்கிலாந்தின் அல்லிசன், வாயிற் பழுதுக்கும் அமில எதுக்களிப்புக்கும் உள்ள தொடர்பை விளக்கினர்.

இவ்வரலாற்றில் முதன்மையானவர் ருடால்ப் நிசன். 1896 இற் பிறந்த யூதராகிய இவர், ஹிட்லர் ஆட்சி தொடங்கிய 1933 இல் ஜெர்மனியை விட்டு நீங்கித் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பணியேற்றனர். அங்கே 1936 இல் உணவுக்குழலின் அடியிற் புண்ணுற்ற ஓர் இளைஞர்க்கு ரண சிகிச்சை செய்தபோது, தைத்த இடம் பிரியாதிருத்தற்பொருட்டு இரைப்பையின் மடிப்பால் அதனைப் போர்த்தினர். ஆண்டுகள் கழிந்து நோக்க, அந்நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லாதிருத்தலைக் கண்டனர். காப்பாகச் செய்த போர்வை கதவாகவும் தொழில் புரிந்தது! இதனை மனத்திற்கொண்டு, 1955 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதனையே எதுக்களிப்புக்குரிய சிகிச்சையாகச் செய்து, 1956 இல் வெளியிட்டனர். உலகெங்கும் இன்று நிசன் முறை எனப்படுவது இதுவே. 1948 இல் அறிஞர் ஐன்ஸ்டீனுக்கு வயிற்றுப் பெருநாடி வீக்கத்திற்கு ரண சிகிச்சை செய்தவரும் இவரே.

பின்னர் 1962 இல் டோர், 1963 இல் டூபே என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர், குழலை முழுதும் சுற்றாது ஒரு பகுதி மட்டும் போர்த்தும் முறைகளை வகுத்தனர். வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறையை 1991 இல் பெல்ஜியத்து டாலமாஞ் இச்சிகிச்சைக்கு ஏற்றிக் காட்டினர். நம் நாட்டில் 1990 இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா இத்துளைமுறையிற் பித்தப்பையை அகற்றி வழிகாட்டினர். அது மெல்லத் தமிழ்நாட்டு நகரங்களிலும் பரவிற்று.

சிகிச்சை நடக்கும் வகை

அறுவைக்கு முன் உள்நோக்குக் கருவியால் ஆய்வர். பேரியம் கலந்த நீரைப் பருகச் செய்து படமெடுப்பர். உணவுக்குழல் சுருங்கி விரியும் வலிமையை அளப்பர். வேண்டியவழி ஒரு நாள் முழுதும் அமிலம் மேலேறும் அளவைக் கணிப்பர். இவ்வாய்வுகள் வீண் செலவு என்று எண்ணற்க. குழல் வலிமையற்றதாயின் முழுச் சுற்றுப் போர்வை விழுங்குதற்குத் தடையாகும். ஆதலின் எம்முறை தகும் என்பது இவற்றாலேயே துணியப்படும்.

சிகிச்சையில் நோயாளியை முழுதும் மயக்கத்தில் ஆழ்த்துவர். வயிற்றில் பெரும்பாலும் ஐந்து சிறு துளைகள் இடுவர். கரிவாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து இடம் உண்டாக்குவர். ஒரு துளை வழியே கண்ணாகிய கருவியும், ஏனைய வழியே கைகளாகிய கருவிகளும் புகும். மேலேறிய இரைப்பையை மெல்லக் கீழே கொணர்வர். அதனைச் சூழ்ந்த சவ்வுப் பையைப் பிரித்தெடுப்பர். உணவுக்குழலின் அடி மூன்று சென்டிமீட்டர் அளவேனும் இழுப்பின்றி வயிற்றறையில் தங்குமாறு செய்வர். பின் அகன்ற வாயிலின் தசைத்தூண்களை நூலால் தைத்துக் குறுக்குவர். மிக அகன்றதாயின் சிலர் வலைத்துணி வைத்தும் உறுதி செய்வர். அது வேண்டுமா வேண்டாவா என்பதில் மருத்துவருள்ளே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. முடிவில் இரைப்பையின் மேன்மடிப்பைக் குழலின் பின்னே கொணர்ந்து முழுச் சுற்றாகவோ, முக்காற் சுற்றாகவோ போர்த்தித் தைப்பர். அணையை நிமிர்த்தலும், மதகைக் குறுக்கலும், புதுக் கதவு இடுதலும் ஆகிய மூன்றும் இச்சிகிச்சையுள் அடங்கும்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் நீருணவு. அதன்பின் சில வாரம் குழைந்த உணவு. கஞ்சி, ரசத்திற் குழையப் பிசைந்த சோறு, பாலில் ஊறிய இட்டளி என்பன நன்று. உருண்டையாகத் திரட்டி விழுங்கலாகாது. சோடா பருகலாகாது, ஏப்பம் எளிதில் வாராமையின் வயிறு உப்பி வருத்தும். மருத்துவர் விடுக்கும் வரை நீர்க்குடம், சமையல் எரிவாயு உருளை முதலிய சுமைகளைத் தூக்குதல் கூடவே கூடாது.

வேண்டுவதும் வேண்டாததும்

இனி, யார்க்கு இச்சிகிச்சை வேண்டும் என்பதே முதன்மையான வினா. இதற்கு விடை கூறுதலில் மருத்துவ உலகமே தன் கருத்தை மாற்றிக்கொண்டுள்ளது. 1967 இல் ஸ்கின்னர், பெல்சி என்னும் இருவர், இரைப்பை அருகேறிய நோயாளருள் அறுவையின்றி விடப்பட்ட 21 பேரில் 6 பேர் இறந்தமையை எடுத்துக்காட்டினர். அதுமுதல், குறி இருப்பினும் இல்லாவிடினும் அறுத்தே தீர வேண்டும் என்னும் கொள்கை பல ஆண்டுகள் நிலவிற்று. 2002 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கணித்தபோது, குறியற்றவர்க்கு உடனடி அறுவை வேண்டும் நிலை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவர்க்கே நேரும் எனத் தெரிந்தது. ஆகவே குறியற்ற முதியோரைக் கண்காணித்து வருதலே சாலும் என்னும் கொள்கை இன்று வலுப்பெற்றுள்ளது.

முதல்வகையினருட் பெரும்பாலோர்க்கு உணவொழுக்கமும் மருந்துமே போதும். 1980 களின் இறுதியில் வழக்கிற்கு வந்த ஓமிப்ரசோல் என்னும் மருந்தும் அதன் இனமும் அமிலச் சுரப்பை நன்கு அடக்குகின்றன. ஆயினும் அவை அமிலத்தை அடக்குமேயன்றி ஏறிய இரைப்பையை இறக்கா. மருந்தாலும் அடங்காத எதுக்களிப்பு, உண்ண இயலாமை, காரணம் வேறு காணாத இரத்தச் சோகை, மூச்சடைப்பு, முறுக்கல் ஆகியன உடையார்க்கே ரண சிகிச்சை உரியது. முறுக்கிக்கொண்ட பின் அவசரத்திற் செய்வதனினும், உடல் தேறிய நிலையில் நாள் குறித்துச் செய்வது பன்மடங்கு தீங்கு குறைந்தது.

மறைக்காமற் கூற வேண்டுவது மற்றொன்றும் உண்டு. இச்சிகிச்சை செய்தால் மீண்டும் வாராது என்று யாரேனும் உறுதி கூறின் நம்பற்க. 2011 இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், பெரிய ஏற்றத்துக்குச் சிகிச்சை பெற்றோரை ஐந்தாண்டளவிற் படமெடுத்து நோக்கியபோது, பாதிக்கு மேற்பட்டோர்க்குச் சிறிதளவேனும் மீண்டும் ஏறியிருந்தது. ஆயினும் அவருட் பெரும்பாலோர் துன்பம் நீங்கி நலமாகவே இருந்தனர். மீண்டும் அறுவை வேண்டியோர் மிகச் சிலரே. ஆகவே இச்சிகிச்சையின் பயனைப் படத்தால் அளத்தலினும், உண்ணும் ஊணாலும் உறங்கும் உறக்கத்தாலும் அளத்தலே முறை.

அன்றாட ஒழுக்கம்

மருந்தும் கத்தியும் ஒருபுறம் நிற்க, நம் கையில் உள்ளன சில. இரவுணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது கழிதல் வேண்டும். நம் திருமண வரவேற்புகளில் இரவு பத்து மணிக்கு இலை போட்டு, இனிப்பு இரண்டு, எண்ணெய்ப் பலகாரம் மூன்று என்று பரிமாறி, உண்டவரை உடனே படுக்கைக்கு அனுப்புகின்றோம். இதனை விருந்து என்பதா, நோய்க்கு இடும் வித்து என்பதா? கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களின் கீழ் அரையடி உயரத்துக்குக் கட்டை வைத்தல் நன்று. தலையணையை மட்டும் அடுக்குதல் வயிற்றை மடக்குமாதலின் பயனில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்தல் எதுக்களிப்பைக் குறைக்கும் என்று இக்கால ஆராய்ச்சி கூறுகின்றது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியும் இடக்கைப் பக்கம் படுத்தலையே விதிக்கின்றது. இடுப்பில் நாடாவையும் கச்சையையும் இறுக்கிக் கட்டுதல், புகையிலை, புகைபிடித்தல், மலச்சிக்கல் இவற்றை நீக்குதல் வேண்டும். உடல் பருத்தவர் எடை குறைப்பின் பாதி நோய் குறையும்.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

முடிவாகச் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றேம்.

முதலாவது: நம் வீடுகளில் நோயை மறைக்கும் வழக்கம், அதிலும் பெண்டிர் நோயை மறைக்கும் வழக்கம், மிக்குள்ளது. பெண்ணுக்கு நோய் என்றால் சம்பந்தம் கெடும் என்று அஞ்சுகின்றனர். தாயார் உண்ணாமல் எழுந்து போவதை மக்கள் விரதம் என்று எண்ணிக்கொள்கின்றனர். இது நீங்க வேண்டும். மாதர் பகுதியினர் ஆண்டுக்கொரு முறையேனும் முதியோர்க்கு இரத்தச் சோதனை செய்விக்க முன்வருவாராக.

இரண்டாவது: மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சுவோர் பலர். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நமக்கு அண்மையில் உள்ளது. அதனோடியைந்த மருத்துவக் கல்லூரி நம் ஊர்த் தமிழறிஞர் கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்கள் பெயரைத் தாங்கியது. தமிழறிஞர் பெயர் கொண்ட மருத்துவக் கல்லூரி உள்ள ஊரில், எழுத்தறியாமையால் சீட்டு வாங்கத் தெரியாது திரும்புவார் ஒருவரும் இருத்தலாகாது. இளைஞர் நால்வர் முறைவைத்துத் துணை செல்வாராயின் அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தம் குடும்பம் சேர்ந்துள்ளதா என்பதையும், எச்சிகிச்சைக்கு உதவி கிடைக்கும் என்பதையும் அவர்களே விசாரித்துக் கூறலாம்.

மூன்றாவது: சங்க நிதியில் ஆண்டுவிழா விருந்துக்கென ஒதுக்குவதிற் பாதியை மருத்துவ உதவிக்கென மாற்றுக. ஓர் இனிப்புக் குறைந்தால் விருந்து குறைவுபடாது. ஓர் உயிர் குறைந்தால் சமூகம் குறைவுபடும். இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர யாம் அவைத் தலைவர் அவர்களை வேண்டுகின்றேம்.

நெஞ்சு எரிந்தால் நீர் ஊற்றி அணைக்க முயல்வதோடு நில்லாது, எரிவது எங்கே, ஏன் என்று வினவுவோமாக. வினவுதலே நலத்துக்கு முதல்.